சீமையிலிருந்து சீமைக்கு

தொண்டைமான் சீமை: பகுதி 17

திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால், நாணயங்கள் இருக்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சுண்டைக்காயை நசுக்கி வைத்த அளவில் ஒரு செப்புக் காசு இருக்கும். அதுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். புரட்டினால் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்று இருக்கும். இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா, முந்நூற்று இருபது சேர்ந்தால் ஒரு ரூபாய். நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் கொடுப்பார்கள். திவான் சேஷையா சாஸ்திரியார் காலத்தில், 1889ல், இதை எந்திரத்தில் அடிக்க ஏற்பாடானது. அடித்த இடம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். கோகர்ணத்து அம்மன் கப்பலேறித்தான் புதுக்கோட்டைக் கடைத்தெருவுக்கு வந்தாள்.

அந்தச் சின்னக் காசுக்குள் சமஸ்தானத்தின் நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. சொந்த நாணயம் உண்டு, சொந்த நீதிமன்றம் உண்டு, சொந்தப் போலீஸ் உண்டு. ஆங்கிலேயருக்குக் கப்பம் கிடையாது. கீழாநிலைக் கோட்டையைக் கொடுத்தபோது ஆண்டுக்கு ஒரு யானை தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள், ஆனால் அந்த யானையைக் கேட்டு வாங்கியதே இல்லை. இவ்வளவும் இருந்த அரசுக்கு இல்லாத ஒன்று உண்டென்றால் அது வெளியுறவு. சுமார் 1,180 சதுர மைல் நாட்டை ஆண்ட மன்னர் பக்கத்துச் சமஸ்தானத்தோடுகூடத் தாமாக அரசியல் பேச முடியாது, அயல்நாட்டு அரசரோடு பேசுவதைக் கேட்கவே வேண்டாம். எதுவாக இருந்தாலும் பொலிட்டிகல் ஏஜென்ட் வழியாகப் போக வேண்டும். நெடுங்காலம் அந்த ஏஜென்ட் திருச்சிராப்பள்ளி கலெக்டர்தான். 1923க்குப் பிறகு மதராஸ் சமஸ்தானங்களுக்கென்று தனி ஏஜென்ட் வந்தார், அவருக்கு அலுவலகம் திருவனந்தபுரத்தில். ஆகவே புதுக்கோட்டைக்குத் திவான் இருந்தார், வெளியுறவு அமைச்சர் ஒருநாளும் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் ‘தொண்டைமான் சீமை’ என்றுதான் சொல்வார்கள். இங்கிலாந்துக்குப் போய் வந்தவரையும் ‘சீமைக்குப் போய் வந்தவர்’ என்றே சொல்வார்கள். ஒரே சொல், இரண்டு நாடு. பேச அனுமதி இல்லாத இந்தச் சீமையிலிருந்து பேசப் போன மூன்று பேரைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டும். ஒருவர் மன்னர், ஒருவர் வக்கீல், ஒருவர் டாக்டர்.

வெளியுறவு அமைச்சர் என்றால் அந்தக் காலத்து உலகம் யாரை நினைத்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஜெர்மனியின் குஸ்தாவ் ஸ்ட்ரெஸ்மானை நினைத்தது. பெர்லினில் பீர் வியாபாரி ஒருவரின் மகன். பெர்லினின் பாட்டில் பீர் வணிகத்தை ஆராய்ந்தே டாக்டர் பட்டம் வாங்கியவர். முதல் உலகப் போரில் தோற்று, நாணயம் செல்லாக் காசாகி, யாரும் பக்கத்தில் உட்கார வைக்காத நாடாக ஜெர்மனி கிடந்த 1923ல் சில மாதங்கள் பிரதமராக இருந்தார். அதே ஆண்டு வெளியுறவைக் கையில் எடுத்தவர் 1929 அக்டோபர் 3ல் இறக்கும்வரை விடவில்லை. ஆட்சிகள் மாறின, அவர் மாறவில்லை. 1925 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ ஊரில் பழைய எதிரிகளோடு உட்கார்ந்து எல்லைகளைப் பற்றி உடன்பாடு கண்டார். டிசம்பர் 1ஆம் தேதி லண்டனில் அதற்குக் கையெழுத்தாயிற்று. அடுத்த செப்டம்பரில் ஜெர்மனி சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது. சேர்ந்த சில நாளில், 17ஆம் தேதி, ஜெனீவாவுக்கு அருகே துவாரி என்ற கிராமத்து விடுதியில் பிரெஞ்சு அமைச்சர் பிரியானும் ஸ்ட்ரெஸ்மானும் பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். இரண்டு நாடுகளின் தலையெழுத்தை ஒரு சாப்பாட்டு மேசையில் பேசித் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை இருவருக்கும் இருந்தது. அந்த ஆண்டின் அமைதி நோபல் பரிசு இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது. மேசையில் பேசிய பெரும்பகுதி நடக்கவில்லை என்பது வேறு கதை.

அந்தச் சர்வதேச சங்கத்தில் இந்தியாவும் தொடக்கம் முதலே உறுப்பு நாடு. அடிமை நாட்டுக்கு அங்கே நாற்காலி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நாற்காலி இந்தியாவுக்கு, அதில் உட்காருபவரைப் பொறுக்குவது ஆங்கிலேயர். பிகானேர், நவநகர் போன்ற பெரிய சமஸ்தானங்களின் மன்னர்கள் போனார்கள். 1921ல் வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரி போனார். இந்தியக் குழுவுக்கு இந்தியர் ஒருவரே தலைமை தாங்க 1929வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வேலூர் வக்கீலாக இருந்து வைசிராய் சபைவரை உயர்ந்த முகமது ஹபீபுல்லா.

இந்த வாசல்களில் எதன் வழியாகவும் போகாமல் எங்கள் மூன்று பேரும் ஐரோப்பாவில் இருந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், லொகார்னோ நடந்த அதே 1925ல் மூன்று பேருமே கடலுக்கு அப்பால் கால் வைத்திருந்தார்கள்.

மன்னரிலிருந்து தொடங்குகிறேன். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் பத்து வயதில், 1886ல், அரியணைக்கு வந்தவர். 1894ல் முழு அதிகாரம் பெற்றார். ஆங்கில ஆசிரியர் கையில் வளர்ந்ததால் ஆங்கிலம், கிரிக்கெட், குதிரை, பயணம் இவையெல்லாம் அவருக்கு மூச்சு மாதிரி. 1898ல் ஐரோப்பா போய் விக்டோரியா அரசியாரைப் பார்த்துவிட்டு வந்தார். 1902ல் ஊரில் பிரதிநிதி சபை ஒன்றைக் கூட்டினார். மைசூரைப் பார்த்துச் செய்த காரியம். அதிகாரம் அதிகமில்லை என்றாலும் குடிகள் வந்து குறை சொல்ல ஓர் இடம் கிடைத்தது. அவரை வெறும் உல்லாசி என்று எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏன் இல்லை என்பது இந்தக் கட்டுரையின் பின்பாதியில் தெரியும்.

1915ல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற மெல்பர்ன் பெண்ணைச் சந்தித்தார். ஆகஸ்ட் 10ல் அங்கேயே பதிவுத் திருமணம். அதோடு புதுக்கோட்டையின் ‘வெளியுறவு’ முற்றிலும் ஒரு பெண்ணைப் பற்றியதாகிவிட்டது. ஐரோப்பியப் பெண்ணை மணந்த இந்திய மன்னருக்கு அந்த மனைவியை அரசியாக ஏற்பதில்லை என்பது ஆங்கிலேயரின் பிடிவாதமான கொள்கை. மோலிக்குப் பட்டமும் இல்லை, மதராஸ் கவர்னர் வட்டத்தில் வரவேற்பும் இல்லை. சமஸ்தானத்துக்கு வந்து சில மாதங்களே இருக்க முடிந்தது. 1916 ஏப்ரலில் இருவரும் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார்கள். அந்த ஜூலையில் சிட்னியில் மகன் பிறந்தான். அவனுக்கு வாரிசுரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

கடிதம் மேல் கடிதம் போயிற்று. மன்னர் கேட்டதெல்லாம் மனைவிக்கு மரியாதை, மகனுக்கு உரிமை. ஒரு மனிதனாக அவர் கேட்டதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் ஊர் மன்னர் இல்லாமல் கிடந்தது. குளங்கள் நிரம்பியதையும் வற்றியதையும் அவர் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார். கடைசியில் பணம் பெற்றுக்கொண்டு ஆளும் பொறுப்பை விட்டார். 1922ல் சகோதரர் விஜயரகுநாத துரைராஜா பல்லவராயர் ரீஜெண்ட் ஆனார். மன்னரும் மோலியும் பிரான்சின் தென்கரையில் கான் ஊரில் வாழ்ந்தார்கள். ஐரோப்பாவின் பிரபுக்களும் கலைஞர்களும் கூடும் விருந்துகளில் ‘புதுக்கோட்டை ராஜா’ என்பது தெரிந்த பெயர். உலகத்தின் உயர்ந்த கூட்டங்களுக்கெல்லாம் அழைப்பு இருந்தது. தம் ஊர்ப் பிரதிநிதி சபைக்குப் போகத்தான் வழியில்லை. 1928 மே 28ல் பாரிஸில் இறந்தார். தகனம் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் நடந்தது. ஆங்கிலேயர் வேறு கிளையிலிருந்து ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானை அரியணையில் அமர்த்தினார்கள்.

வக்கீலின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவருக்கென்று தனி அத்தியாயம் வருகிறது. திருமயத்தில் 1887 ஆகஸ்ட் 19ல் பிறந்த சத்தியமூர்த்தி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு மதராஸுக்குப் போனார். மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்த மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக் குழு முன் வந்த 1919ல் காங்கிரஸ் ஒரு தூதுக்குழுவை லண்டனுக்கு அனுப்பியது. அதில் முப்பத்திரண்டு வயதுகூட நிரம்பாத இவரும் இருந்தார். 1925ல் சுயராஜ்யக் கட்சிக்காக மறுபடியும் போனார். ஒரு சமஸ்தானப் பிரஜை, தம் மன்னர் வாய் திறக்க முடியாத நகரத்தில், மொத்த இந்தியாவுக்காக வாய் திறந்தார். நல்ல ஆங்கிலம், கூர்மையான வாதம், பயமே இல்லாத குரல். பிறகு மதராஸ் மேயர், காமராஜரின் குரு, பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பெயர் தந்தவர். மற்றதைப் பின்னால் பார்ப்போம்.

1919ல் அதே கூட்டுக் குழுவின் முன் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டு அன்னி பெசன்ட், சரோஜினி நாயுடு, பம்பாயின் ஹீராபாய் டாட்டா, அவர் மகள் மிதன் ஆகியோர் நின்றார்கள். குழு முடிவெடுக்காமல், அதை மாகாண சபைகளிடமே விட்டுவிட்டது. எல்லோருக்கும் முன்பாக முடிவெடுத்தது மதராஸ். 1921ல் சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு இங்கே வாக்கு கிடைத்தது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாரிஸில் தேவைப்படும்.

இனி டாக்டர்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபுக் குடும்பத்தில் வந்தவர். அந்தக் காலத்துப் புதுக்கோட்டையில் இப்படிப்பட்ட வீட்டுக் குழந்தையைத் தெரு எப்படிப் பார்த்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்துவது வழக்கம். தந்தை வீட்டில் வைத்தே சொல்லிக் கொடுத்தார். பெண் மெட்ரிகுலேஷன் தேறினாள். அடுத்து என்ன? கல்லூரி ஒன்றுதான், அது ஆண்களுக்கு.

1904ல் மகாராஜா கல்லூரியில் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பம் போயிற்று. எதிர்ப்பு கிளம்பியது. பையன்கள் கெட்டுப் போவார்கள் என்றார்கள். தாயின் குலத்தையும் இழுத்தார்கள். விஷயம் அரண்மனைக்குப் போனது. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டவர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அந்த வகுப்பறையை நான் பலமுறை மனத்துக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன். மூடிய வண்டி வாசலில் வந்து நிற்கிறது. பையன்கள் எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு ஒரு பெண் இறங்கி வருகிறாள். வகுப்பில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் அவள் மட்டும். ஆசிரியர் குரல் கேட்கிறது, பையன்கள் பெஞ்சு நகர்த்தும் சத்தம் கேட்கிறது, துணியின் நெசவு வழியாகத் துண்டு துண்டாக வெளிச்சம் வருகிறது. பாடம் முடிந்ததும் மற்றவர்கள் வெளியேறும் முன்போ, வெளியேறிய பின்போ வண்டிக்குப் போக வேண்டும். ஒருவரோடும் பேச்சில்லை. இப்படியே படித்து இன்டர்மீடியட் தேறி, 1907ல் மதராஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912ல் பட்டம் வாங்கினார். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

அந்த 1904 உத்தரவு ஒரு தாளில் சில வரிகளாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் தொண்டைமான் அரசு இருநூற்றைம்பது ஆண்டுகளில் உலகத்துக்கு அனுப்பிய ஒரே தூதுக்கு நியமன ஆணை அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மன்னருக்குப் பட்டங்கள் கொடுத்தவர்கள் அதற்காக ஒன்றும் கொடுக்கவில்லை.

1923ல் டாக்டர் முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயில் இறந்தாள். கையில் ஸ்டெதஸ்கோப் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வலியோடுதான் 1925ல், அரசு உதவித்தொகையில், பெண்கள் குழந்தைகள் நோய்களைப் படிக்க லண்டன் போனார். படிப்பின் நடுவே புற்றுநோய் மருத்துவமனைக்கும் போய்ப் பார்த்தார், இப்படி ஒன்று மதராஸில் வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். படிப்பு முடியும் தறுவாயில், 1926 மே மாதக் கடைசியில், பாரிஸில் சர்வதேசப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் மாநாடு கூடியது. இந்தியப் பெண்கள் சங்கத்தின் சார்பில் அதற்குப் போனார்.

அந்தச் சர்வதேசச் சங்கம் தொடங்கப்பட்டது பெர்லினில், 1904ல். புதுக்கோட்டையில் ஒரு பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்த ஆண்டிலேதான் பெர்லினில் பல நாட்டுப் பெண்கள் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து இதை உருவாக்கினார்கள். இருபத்திரண்டு ஆண்டு கழித்து இரண்டும் பாரிஸில், சோர்போன் பல்கலைக்கழகத்தில் சந்தித்தன. அமைச்சர்கள் கூட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் கூட்டிய உலக மாநாடு அது. தலைமை இங்கிலாந்தின் மார்ஜரி கார்பெட் ஆஷ்பி. அமெரிக்காவின் தேசியப் பெண்கள் கட்சியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய சண்டை நடந்தது. தொழிற்சாலையில் பெண்ணுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் தேவையா, அதுவே அவள் வேலைக்கு உலை வைக்குமா என்று விவாதித்தார்கள். போரை நிறுத்துவது பெண்கள் பொறுப்பும் என்று அமைதிக்கு ஒரு குழு அமைத்தார்கள். ஸ்ட்ரெஸ்மானும் பிரியானும் துவாரியில் சாப்பிட இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது.

இப்போது அந்த 1921 செய்திக்கு வருவோம். மாநாடு நடந்த பிரான்சில் பெண்களுக்கு அன்று வாக்கு கிடையாது. 1944வரை கிடைக்கவில்லை. வரவேற்ற பாரிஸ் பெண்கள் ஒருமுறைகூட வாக்குப் போட்டதில்லை. வந்திருந்த மதராஸ் பெண்ணின் மாகாணத்திலோ ஐந்து ஆண்டுகளாகப் பெண்களுக்கு வாக்குரிமை இருந்தது, சொத்துள்ளவர்களுக்கு மட்டும் என்றாலும். கிழக்கிலிருந்து வரும் பெண் கேட்டு வாங்கத்தான் வருவாள் என்று நினைத்திருந்தவர்களுக்கு, சொல்லிக் கொடுக்கவும் ஒன்று வைத்திருக்கிறாள் என்று அந்த மண்டபத்தில் தெரிந்திருக்கும்.

ஊர் திரும்பிய அதே 1926ல் மதராஸ் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண். 1927ல் சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராக்கியது. பாரிஸில் பேசியதை இங்கே எங்கே கொண்டுவந்து வைத்தார் என்பதுதான் முக்கியம். தன் தாயின் வாசற்படியில் கொண்டுவந்து வைத்தார்.

பெண் குழந்தையைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கம் நின்றுபோகாததற்கு நம்பிக்கை மட்டும் காரணமில்லை, நிலமும் காரணம். கோயிலில் ஊழியம் செய்யும் தாசிக்கு மானியமாக நஞ்சையோ புஞ்சையோ விட்டிருப்பார்கள். ஊழியம் தொடர்ந்தால்தான் மானியம். தாய்க்கு வயதாகிவிட்டால் மகள் ஊழியத்துக்கு வர வேண்டும். மகள் வராவிட்டால் நிலம் போய்விடும், வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு குழந்தைக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். பெண் குழந்தை இல்லாவிட்டால் ஒன்றைத் தத்து எடுத்தாவது கட்டினார்கள். டாக்டர் இந்த முடிச்சைச் சரியாகப் பிடித்தார். 1927ல் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929ல் இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. கோயில் ஊழியம் செய்யாமலேயே அந்தக் குடும்பங்கள் நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. பிள்ளையைப் பலி கொடுத்து நிலத்தைக் காக்க வேண்டிய நிலை சட்டப்படி நீங்கியது. என் கணக்கில் அவருடைய மிகப் பெரிய காரியம் இதுதான். மேடையில் சொல்ல அவ்வளவு சுவையாக இருக்காது என்பதால் அதிகம் பேசப்படுவதில்லை.

எதிர்த்தவர்கள் பலர். கோயில் மரபில் அரசு கை வைக்கக் கூடாது என்ற தரப்பில் சத்தியமூர்த்தியும் நின்றார். நினைக்கும்போது மனசு சங்கடப்படுகிறது. இருவரும் ஒரே மண். ஒரே மகாராஜா கல்லூரி. ஒருவர் பெஞ்சிலிருந்து பாடம் கேட்டவர், மற்றவர் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டவர். லண்டனில் இந்தியாவின் விடுதலையைக் கேட்டு முழங்கிய அதே குரல் மதராஸில் இந்தக் குழந்தைகளின் விடுதலைக்கு எதிராகப் பேசியது. சத்தியமூர்த்தியின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், சிறையிலேயே உடல் நலிந்து 1943ல் இறந்தவர். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் தவறு செய்தார் என்பதை எழுதாமல் விட்டால் இந்தத் தொடருக்கு வரலாறு என்று பெயர் வைக்கக் கூடாது.

பொட்டுக்கட்டையே தடை செய்யும் மசோதாவை டாக்டர் 1930ல் கொண்டுவந்தார். அது நிறைவேறுமுன் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானார். டாக்டர் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா கிடப்பில் விழுந்தது. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகளை எந்த விடுதியும் சேர்க்காதபோது தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் வளர்ந்து அவ்வை இல்லம் ஆனது.

1931 தொடக்கத்தில் லாகூரில் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1933 அவருடைய நீண்ட பயணத்தின் ஆண்டு. ஜூலையில் சிகாகோவில், உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த வேளையில், சர்வதேசப் பெண்கள் மாநாடு. அங்கே இந்தியப் பெண்களின் குரலாகப் பேசினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன், இதேபோல் ஒரு பொருட்காட்சியின்போது, விவேகானந்தர் பேசிய ஊர். அதே ஆண்டு லண்டனில் இந்திய அரசியல் சட்டத்துக்கான நாடாளுமன்றக் கூட்டுக் குழு லின்லித்கோ பிரபு தலைமையில் உட்கார்ந்திருந்தது. அதன் முன் சாட்சி சொல்ல இந்தியாவின் மூன்று பெரிய பெண்கள் அமைப்புகள் மூவரை அனுப்பின. ராஜகுமாரி அம்ரித் கௌர், பேகம் ஷரீஃபா ஹமீத் அலி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கபூர்தலா அரச குடும்பத்துப் பெண் ஒருவர், முஸ்லிம் பிரமுகர் குடும்பத்துப் பெண் ஒருவர், புதுக்கோட்டைச் சந்திரம்மாளின் மகள் ஒருவர்.

அவர்கள் கேட்டது அந்தக் குழுவுக்குப் புதிராக இருந்திருக்கும். வந்தவர்கள் எல்லோரும் எங்களுக்குத் தனித் தொகுதி கொடுங்கள், ஒதுக்கீடு கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். இந்த மூவரும் மதவாரித் தொகுதி வேண்டாம், பெண்களை இந்து என்றும் முஸ்லிம் என்றும் பிரிக்க வேண்டாம், வாக்குரிமையை விரியுங்கள் என்றார்கள். கணவனின் சொத்தை வைத்து மனைவிக்கு வாக்குக் கொடுக்கும் முறையையும் ஏற்கவில்லை. பெண் ஒரு தனி மனுஷி, அவள் வாக்கு அவளுடையது என்பது அவர்கள் நிலை. குழு காது கொடுத்தது, ஆனால் கேட்டதைக் கொடுக்கவில்லை. 1935 சட்டத்தில் மாகாண சபைகளில் பெண்களுக்கு 41 இடங்கள் ஒதுக்கினார்கள், அவற்றையும் மதவாரியாகப் பிரித்தார்கள். வாக்குரிமை பெற்ற பெண்கள் அறுபது லட்சத்துக்குச் சற்று மேல். எல்லோருக்கும் வாக்கு என்ற அவர்களுடைய கோரிக்கை 1950ல் நம்முடைய அரசியல் சட்டத்தில்தான் நிறைவேறியது.

லண்டனின் அந்த மண்டபத்திலிருந்து கோல்டர்ஸ் கிரீன் சில மைல் தூரம்தான். தன்னைக் கல்லூரியில் சேர்க்கச் சொன்ன மன்னரின் உடல் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிந்தது டாக்டருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

கிடப்பில் விழுந்த மசோதா பதினேழு ஆண்டு கழித்து எழுந்தது. 1947ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, மதராஸ் தேவதாசிகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அந்தச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு. திருக்கோகர்ணம் இருந்தது தொண்டைமான் சீமையில். டாக்டரின் சொந்த ஊருக்கு அது செல்லாது. 1948 மார்ச் 3ல் ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை ஒப்படைத்தார். கருவூலம் போயிற்று, அம்மன் காசு செல்லாததாயிற்று, 4,38,648 பேர் கொண்ட நாடு திருச்சி மாவட்டத்தின் ஒரு கோட்டமாயிற்று. 1949ல் மதராஸ் சட்டங்களைப் புதுக்கோட்டைக்கு நீட்டிக்க ஏற்பாடு வந்தது. லண்டனுக்கும் பாரிஸுக்கும் சிகாகோவுக்கும் போன பெண்ணின் சட்டம் அந்த வழியில்தான், எல்லா ஊருக்கும் கடைசியாக, பிரகதாம்பாள் சன்னதிக்கு வந்து சேர்ந்தது.